போக்குவரத்துப் பொறியியல் பல்கலைக்கழகப் பாடமான வரலாறு: எர்ஸ்கின் ஆய்வு மையமும் மில்லர் மெக்ளின்டாக்கும்

முன்னுரை

போக்குவரத்துப் பொறியியல் பல்கலைக்கழகக் கல்வியாக உருப்பெற்று இன்னும் நூறாண்டுகளே ஆகின்றன. பாலமும் சாலையும் கட்டும் கலை தொன்மையானது. கட்டிய சாலையில் வண்டிகள் எவ்வாறு ஓட வேண்டும் என்பதைத் தனிப்பாடமாகப் பயிலும் வழக்கமோ 1920களில் அமெரிக்காவில் தோன்றியது. அந்தக் கல்விக்கு முதலில் இடமளித்த ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தையும் அதன் இயக்குநர் மில்லர் மெக்ளின்டாக்கையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தெரு எத்தனை மனிதரைக் கொண்டு சேர்க்கிறது என்று தொடங்கிய வினா, வாகனத்தின் ஓட்டத்தைத் தடுப்பது எது என்ற வினாவாக மாறியதும், அம்மாற்றம் துறையின் அளவைகளில் தங்கிவிட்டதும் இங்குக் கருதப்படுகின்றன.

மெக்ளின்டாக்கின் முதல் நிலைப்பாடு

மெக்ளின்டாக் பொறியியல் பயின்றவர் அல்லர். நகர நிர்வாகக் கல்வியின் வழியே தெருநெரிசலை அணுகி, ஹார்வர்டில் 1924இல் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்விலிருந்து உருவான நூல் 1925இல் வெளிவந்தது. தெருக்களை அகலப்படுத்தினால் புதிய வாகனங்களே வந்து சேரும், நெரிசல் பழையபடியே நிற்கும் என்பது அந்நூலின் கருத்து. ஒரு காரில் ஓரிருவரே செல்ல, அதைப்போல் சில மடங்கு இடத்தில் டிராம் வண்டி பலரை ஏற்றிச் செல்கிறது. ஆகவே டிராமுக்கே வழியுரிமையில் முன்னிடம் வேண்டும் என்றும் அவர் கருதினார். இன்று நகரத் திட்டமிடலில் புதுமைபோல் பேசப்படும் கருத்து, இத்துறையின் முதல் நூல்களிலேயே இருந்தது என்பது வியப்புக்குரியது.

எனினும் அவருடைய அன்றைய பணிகளை முழுவதும் பாதசாரியின் சார்பானவை எனக் கொள்ளுதல் பொருந்தாது. லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அவர் வரைந்து 1925இல் நடைமுறைக்கு வந்த போக்குவரத்து விதிகள், நடப்பவர் தெருவைக் கடக்கும் இடத்தைக் குறியிட்ட கடவுக்குள் அடக்கின. அதுவரை தெரு அனைவருக்கும் பொது என்ற வழக்கே ஓங்கியிருந்தது. 1928இல் தேசிய அளவில் வகுக்கப்பட்ட மாதிரி நகர விதிகளுக்கு அவ்விதிகள் முன்மாதிரியாயின.

நிதியும் வினாவும்

அக்காலத்தில் கார் விற்பனையாளரை ஓர் அச்சம் பற்றியிருந்தது. நகரத் தெருவில் இடமில்லையென்றால் நகரத்தார் கார் வாங்கத் தயங்குவர். ஸ்டுடிபேக்கர் கார் நிறுவனம் தன் தலைவர் ஆல்பர்ட் ரஸ்ஸல் எர்ஸ்கினின் பெயரில் தெருப் போக்குவரத்து ஆய்வு மையம் ஒன்றுக்கு நிதியளித்து, மெக்ளின்டாக்கை இயக்குநராக்கியது. 1926இல் அது ஹார்வர்டில் நிலைபெற்றது. நகரங்களுக்கு ஆய்வறிக்கைகள் அளிப்பதும், உதவித்தொகை பெற்ற பட்டதாரிகளுக்கு இத்துறையில் பயிற்சி தருவதும் அதன் பணிகள்.

தொடக்க அறிக்கைகளில் பழைய மெக்ளின்டாக் மறைந்துவிடவில்லை. 1926ஆம் ஆண்டுச் சிகாகோ ஆய்வு, நகர மையத்துக்கு வருவோரில் மிகச் சிறு பங்கினரே தெருவோரம் நிறுத்தப்பட்ட கார்களில் வந்தவர் என்று எண்ணிக் காட்டியது. 1928இல் அந்நகரம் மையப்பகுதியில் வாகனம் நிறுத்துவதைத் தடைசெய்தது. கார் நிறுவனத்தின் பணத்தில் நடந்த மையம் கார் நிறுத்தத்திற்கு எதிரான சான்றைத் தந்தது என்பதைக் கருதும்போது, அவர் பணத்திற்கு விலைபோனார் என்ற எளிய முடிவு நிற்கவில்லை. நிதி அவர் விடைகளை எழுதித் தரவில்லை. எவ்வினாவைத் தொடர்ந்து கேட்பது என்பதிலேயே அதன் செல்வாக்குப் புலப்படுகிறது எனக் கருதலாம். இருக்கும் தெருவைப் பகிர்வது எப்படி என்ற வினா மெல்லப் பின்னுக்குச் சென்றது. காருக்கேற்ற தெருவை ஆக்குவது எப்படி என்பது முன்வந்தது. பீட்டர் நார்ட்டன் 2008இல் வெளியிட்ட நூலும் இத்திருப்பத்தை விரிவாக ஆராய்ந்துள்ளது.

உராய்வுக் கோட்பாடு

1930களில் மெக்ளின்டாக் வகுத்த கோட்பாடு இத்திருப்பத்தின் முழு வடிவம். சாலையின் ஓட்டத்தை நீரோட்டம்போல் கண்ட அவர், அதைத் தடுப்பவற்றை நால்வகை உராய்வுகள் என்றார். எதிரெதிர் வரும் ஓட்டங்களுக்கிடையே நடுவுராய்வு. நிறுத்திய வண்டிகளாலும் நடப்போராலும் ஓரவுராய்வு. குறுக்குச் சாலைகளில் சந்திப்புராய்வு. ஒரே திசையில் வேகம் வேறுபடும் வண்டிகளுக்குள் உள்ளுராய்வு. நான்கையும் நீக்கும் சாலை எதுவோ அதுவே தீர்வு. நடுவே தடுப்பு, மேம்பாலச் சந்திப்பு, குறித்த இடங்களில் மட்டும் நுழைவு என்னும் விரைவுச்சாலை இக்கோட்பாட்டிலிருந்து தர்க்கமாகவே பிறந்துவிடுகிறது. அத்தர்க்கத்தில் பிழை காண்பது அரிது. ஆனால் கோட்பாட்டின் சொல்லாட்சியைச் சற்று நின்று நோக்க வேண்டும்: முன்னைய நூலில் தெருவைப் பயன்படுத்துபவராக இருந்த நடப்பவர், இதில் உராய்வின் ஒரு காரணமாக எண்ணப்படுகிறார்.

1933இல் ஸ்டுடிபேக்கர் நொடித்தது. எர்ஸ்கின் அதே ஆண்டில் தற்கொலை செய்துகொண்டார். மையமோ அழியவில்லை. 1938இல் அது யேல் பல்கலைக்கழகத்திற்கும், 1968இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திற்கும் இடம்பெயர்ந்தது.

பிரிட்டனில் இத்துறை வேறொரு வாயிலின் வழியே பல்கலைக்கழகம் புகுந்தது. அரசின் சாலை ஆய்வகத்தில் பணியாற்றிய புள்ளியியலாளர் ரூபன் ஸ்மீட், பின்னர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் போக்குவரத்து ஆய்வுப் பேராசிரியரானார். ஒருவர் பணிக்கு வந்துசேர ஒவ்வொரு வாகனவகையிலும் எவ்வளவு நிலம் தேவை என்று அவர் கணக்கிட்டார். அவர் தலைமையிலான குழு 1964இல் சாலைப் பயன்பாட்டுக்குக் கட்டணம் விதிக்கும் வழிகளை ஆராய்ந்தது. மெக்ளின்டாக் 1925இல் விட்டுச்சென்ற வினாவே இது.

அளவையில் தங்கிய வரலாறு

இத்துறையின் மாணவர் சாலையின் கொள்ளளவைக் கணக்கிடக் கற்கும் அலகு பயணிக்கார் அலகு. எல்லா வண்டிகளும் எத்தனை காருக்குச் சமம் என்று மாற்றப்பட்டே கூட்டப்படுகின்றன. பலவகை வண்டிகள் தடம் பிரியாமல் ஓடும் இந்தியச் சாலைகளுக்கும் இவ்வலகே வந்து சேர்ந்தது. இந்தியச் சாலைகள் பேராயத்தின் 1990ஆம் ஆண்டு நகரச் சாலை வழிகாட்டியில், ஓட்டத்தில் அவ்வகை வண்டியின் பங்கிற்கேற்ப, மிதிவண்டி 0.4 முதல் 0.5 கார், பேருந்து 2.2 முதல் 3.7 கார், கைவண்டி 2 முதல் 3 கார். பேருந்துக்குள் இருப்பவர் அறுபதின்மரா அறுவரா என்பது இக்கணக்கில் வராது. 2017இல் வெளிவந்த இந்தியச் சாலைக் கொள்ளளவுக் கையேடு இந்தியச் சாலைகளிலேயே கள ஆய்வு செய்து மதிப்புகளைப் புதுப்பித்தது; அலகு காராகவே நீடிக்கிறது. நடப்பவருக்கெனத் தனி வழிகாட்டி உண்டு. அவ்வண்டிப் பட்டியலில் அவருக்கு வரிசை இல்லை.