மிராசுதார்
சென்ற மாதம் மன்னார்குடிக் கடைத்தெருவில் என் கைக்கு வந்த கலியாணப் பத்திரிகையொன்றில், இரண்டு வருஷத்துக்கு முன்புதான் விலைகொடுத்து நிலம் வாங்கியவரை ‘மிராசுதார்’ என்று அச்சிட்டிருக்கக் கண்டு சற்றே நகைத்தேன். ‘மிராஸ்’ என்னும் அரபுச் சொல்லுக்குப் பிதிரார்ஜிதம் என்பதல்லவா பொருள்! வாலாக ஒட்டிய ‘தார்’ பாரசீகம். வைத்திருப்பவன் என்று அர்த்தம். கி.மு. 522இல் பட்டமேறிய ஈரானியச் சக்கரவர்த்தி டேரியஸின் சுயபெயராகிய ‘தாரயவௌஷ்’ என்பதில், நன்மையைத் தாங்கிப் பிடிப்பவன் என்னும் பொருள்பட, அந்தத் தாதுவே தலையாக நிற்கிறது. நம் கங்காதரனில் உள்ள வடமொழித் ‘தர’ அதற்கு உடன்பிறப்பு. அங்கே சக்கரவர்த்தியின் நாமத்தில் முன்னின்றது, இங்கே தாசில்தார், மனுதாரர், சந்தாதாரர் என்று எவர் பின்னாலும் ஓடுகிறது, பாவம். பரம்பரை நிலவுரிமையைச் சுட்டும் ‘காணியாளர்’ என்ற நம் பழஞ்சொல்லே எனக்கு உகப்பு. ஆனால் களத்துமேட்டில் நெல் தூற்றுகிறவர், “மிராசு வர்றாரு” என்றுதான் முறத்தைத் தாழ்த்துகிறார்.