எப்.எல்.ஐ. அசைபடக் கோப்பும் பெயர்த்தமைத்தலின் வரலாறும்: சில குறிப்புகள்

தொழினுட்ப வரலாறு பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பொறியைக் கண்டுபிடித்தவர், அதனை விற்ற நிறுவனம், அது ஈட்டிய வருவாய் ஆகியனவே அதன் அத்தியாயங்களாகின்றன. பொறி வழக்கொழிந்த பின்னர், அதனைக் கொண்டு மனிதர் படைத்தவை யாதாயின என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. கணினியால் ஆக்கப்பட்ட ஒரு சிறு கோப்பு வடிவத்தை முன்னிறுத்தி அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒட்டோடெஸ்க் நிறுவனம் 1989இல் ‘அனிமேற்றர்’ என்னும் அசைபட மென்பொருளை வெளியிட்டது. அதன் முதன்மை நிரலாளரான ஜிம் கென்ற், அற்றாரி எஸ்.ரி. கணினிக்கென ‘சைபர் பெயின்ற்’ என்னும் மென்பொருளை முன்னரே ஆக்கியவர். அனிமேற்றர் தன் படங்களை எப்.எல்.ஐ. என்னும் வடிவிற் சேமித்தது. பின்னர் வந்த ‘அனிமேற்றர் புரோ’ எப்.எல்.சி. என்னும் விரிந்த வடிவத்தைக் கொணர்ந்தது. தனியொருவர் தம் மேசைக் கணினியிலேயே வரைந்து, அசைவூட்டி, பிறருக்கு வழங்கும் வாய்ப்பு இவற்றால் விரிவடைந்தது.

இவ்வடிவத்தின் இயல்பை அக்காலப் பொருளாயத நிலைமைகளே தீர்மானித்தன. திரையில் அகலவாக்கில் 320, உயரவாக்கில் 200 என 64,000 புள்ளிகள்; புள்ளி ஒன்றுக்கு ஒரு பைற்று. அன்றைய 1.44 மெகாபைற்று நெகிழ்தட்டில் இத்தகைய படங்கள் இருபத்து மூன்றே அடங்கும். நொடிக்குப் பத்துப் படங்கள் என ஓட்டினால் இரண்டரை நொடிக்கும் அவை போதா. ஆகவே, முதற்படம் மட்டும் முழுமையாக எழுதப்பட்டது. அதிலும் ஒரே நிறம் தொடருமிடத்து நிறமும் எண்ணிக்கையுமே குறிக்கப்பட்டன. அடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும், முன்னையதிலிருந்து மாறிய புள்ளிகள் மட்டுமே பதிவாயின. ஈற்றில், கடைசிப் படத்தை மீண்டும் முதற்படமாக மாற்றும் வளையப் பதிவொன்று சேர்க்கப்பட்டது. இவ்வமைப்பிலே முதற்படந் தவிர வேறெந்தப் படமும் தன்னளவில் முழுமையுடையதன்று. முன்னையது அழிந்தால் பின்னையதும் பொருளிழக்கும்.

இக்கோப்புகளை வேறு கணினிகளிற் காட்டும் நிரலைப் பெயர்த்தமைக்க முற்பட்டோர் எதிர்கொண்ட இடர்ப்பாடுகள் வரலாற்று மாணவருக்கு மிகவும் பயனுள்ளவை. இன்ரெல் செயலிகள் எண்ணின் சிறு பகுதியை முன்னும் பெரும் பகுதியைப் பின்னும் வைப்பன. மக்கின்ரோஷ் கணினிகளில் அன்றிருந்த மோட்டரோலா செயலிகளோ இதற்கு மாறானவை. 320 என்னும் அகலம் கோப்பில் 64, 1 என்னும் இரு பைற்றுகளாக உள்ளது. வரிசையை மாற்றாது படித்த மக்கின்ரோஷ் அதனை 16,385 எனக் கொள்ளும். காலக் கணக்கும் இத்தகையதே. எப்.எல்.ஐ. தன் வேகத்தை நொடியின் எழுபதில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு குறித்தது, அக்காலத்து வி.ஜி.ஏ. திரை நொடிக்கு எழுபது முறை புதுப்பிக்கப்பட்டமையே அதற்குக் காரணம். எப்.எல்.சி.யோ மில்லி நொடியை அலகாகக் கொண்டது. இவ்வேறுபாட்டை அறியாத நிரல், எப்.எல்.ஐ. படத்தைப் பதினான்கு மடங்கு விரைவாக ஓட்டிவிடும். எப்.எல்.ஐ. நிறங்களின் அளவு 0 முதல் 63 வரையானது. இன்றைய 255 என்னும் அளவுக்கு உயர்த்துகையில் வெறுமனே நான்காற் பெருக்கினால் 252 வரையே எட்டும்; வெண்மை மங்கிவிடும்.

புள்ளியின் வடிவம் இன்னும் நுட்பமானது. 320க்கு 200 என்னும் படம், நான்குக்கு மூன்று என்ற விகிதமுடைய திரையை நிரப்பியது. எனவே ஒவ்வொரு புள்ளியும் அகலத்தை விட உயரம் மிகுந்திருந்தது. சதுரப் புள்ளிகளைக் கொண்ட இன்றைய திரையில் அதனை அவ்வாறே காட்டினால் ஓவியர் வரைந்த வட்டம் தட்டையாகிவிடும். எப்.எல்.ஐ. கோப்பின் தலைப்பகுதியில் இது பற்றிய குறிப்பேதும் இல்லை. எல்லோருடைய திரையும் ஒன்றாயிருந்த காலத்தில் அதனை எழுதவேண்டிய தேவை எழவில்லை. பல்வேறு அளவுகளை ஏற்ற எப்.எல்.சி.யிலேதான் புள்ளியின் விகிதம் முதன்முறையாக எழுத்தில் இடம்பெற்றது. ஒரு சமூகம் இயல்பெனக் கொள்வதை எழுதிவைப்பதில்லை. அது ஐயத்துக்குள்ளாகும்போதே எழுதுகிறது. இலக்கிய மூலங்களை ஆராய்வோர் நன்கறிந்த இவ்வுண்மை கணினிக் கோப்புக்கும் பொருந்துகின்றது. பெயர்த்தமைப்பவர் நிரலை மட்டுமன்றி, அது தோன்றிய சூழலையும் மீட்டெடுக்க வேண்டியவராகின்றார்.

இம்மீட்பு எவ்வாறு இயன்றது? கென்ற் 1993இல் ‘டொக்ரர் டொப்ஸ் ஜேர்ணல்’ என்னும் நிரலாளர் இதழில் இவ்வடிவத்தின் விவரிப்பைக் கட்டுரையாக வெளியிட்டார். 2009இல் அனிமேற்றர் புரோவின் மூலநிரலே பி.எஸ்.டி. உரிமத்தின் கீழ் பொதுவில் வைக்கப்பட்டது. இன்று எப்.எப்.எம்பெக் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இக்கோப்புகளைத் திறக்கின்றன. ‘பிளாஷ்’ வடிவத்தின் வரலாறு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. அதன் விவரிப்பு வெளியிடப்பட்டிருந்த போதிலும், அதனைக் கொண்டு வேறொரு காட்சி நிரலை ஆக்கலாகாது என்னும் தடையை உரிமம் விதித்திருந்தது. 2008இலேயே அத்தடை நீங்கியது. 2020 இறுதியில் அடோபி தன் நிரலுக்கான ஆதரவை நிறுத்தியபோது, தன்னார்வலர் ஆக்கிய ‘றஃபிள்’ போன்ற நிரல்களே எண்ணற்ற படைப்புகளுக்குப் புகலிடமாயின. அறிவு எழுதப்பட்டிருத்தல் மட்டும் போதாது. அதனைப் பயன்படுத்தும் உரிமையும் பொதுவானதாதல் வேண்டும் என்பதையே இது காட்டுகின்றது.

இதனைத் தனியொருவரின் தாராள மனத்தின் விளைவாகக் கொள்ளுதல் பொருந்தாது. விவரிப்பை ஏற்று வெளியிட்ட இதழும், அதனைப் படித்துத் தத்தம் கணினிக்கேற்ப நிரல் எழுதிய பலரும் இன்றேல் அக்கட்டுரை பயனற்றுப் போயிருக்கும். எனினும், கென்றின் பிற்கால வாழ்க்கை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. சான்ரா குறூஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அவர், மனித மரபணுத்தொகுதியின் துண்டங்களை ஒன்றிணைக்கும் நிரலை 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் எழுதி முடித்தார். செலேரா என்னும் தனியார் நிறுவனமும் அதே பணியில் ஈடுபட்டிருந்த வேளை அது. பொதுத்திட்டத்தின் தொகுப்பு அவ்வாண்டு யூலை 7ஆம் திகதி கட்டணமின்றி உலகின் முன் வைக்கப்பட்டது. அசைபடக் கோப்பும் மரபணுவும் ஒன்றல்ல. ஆயின், மனித உழைப்பாற் பெறப்பட்ட அறிவு யாருக்குரியது என்னும் வினா இரண்டிடத்தும் ஒன்றே.

இன்றைய ஆக்கங்களிற் பெரும்பகுதி கணினிக் கோப்புகளாகவே பிறக்கின்றது. நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் கோப்புகளைச் சேர்ப்பதோடு அமைதலாகாது. அவற்றின் வடிவ விவரிப்பு, காட்டும் நிரலின் மூலம், அவை இயங்கிய கருவி பற்றிய சாதாரணச் செய்திகள் ஆகியவற்றையும் உடன் பேணுதல் வேண்டும். அவ்விவரிப்புகளைப் பொதுவில் வைக்குமாறு நிறுவனங்களை வற்புறுத்துவதும் அறிவுத்துறையினரின் கடமையாகும். எப்.எல்.ஐ. பிழைத்தமைக்கு அதன் சிறப்பு காரணமன்று. அதனைப் படிக்கும் முறையை யாரும் பூட்டிவைக்கவில்லை என்பதே காரணமாகும்.