நகரக் காற்றின் நுண்துகள்: யாருடைய நுரையீரலில் படிகிறது?

நகரக் காற்றில் மிதக்கும் திட, திரவத் துகள்களின் கலவையே துகள்மாசு. 10 மைக்ரோமீட்டருக்கு மிகாத விட்டம் கொண்டவை பி.எம். 10 என்றும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாதவை பி.எம். 2.5 என்றும் வகைப்படுத்தப்படுகின்றன. பின்னது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. வாகனப் புகை, நிலக்கரி எரிப்பு, கட்டுமானப் பணி, சாலைப் புழுதி, குப்பை எரிப்பு ஆகியவை இதன் முதன்மை மூலங்கள்.

உடலில் நிகழ்வது

பெரிய துகள்கள் பெரும்பாலும் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் தங்கிவிடுகின்றன. நுண்துகளோ நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை இறங்குகிறது. மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. இதனால் தூண்டப்படும் அழற்சி, மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவற்றுக்கு வழிவகுக்கிறது. குழந்தைகள் எடை குறைந்து பிறப்பதோடும் இம்மாசுக்குத் தொடர்புண்டு. துகள்மாசு மனிதரிடம் புற்றுநோயை உண்டாக்கும் காரணி என 2013இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. வெளிப்புறக் காற்று மாசால் 2019இல் உலகெங்கும் 42 லட்சம் பேர் அகால மரணமடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இரு அளவுகோல்கள்

பி.எம். 2.5இன் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது அந்நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். 2009இல் வகுக்கப்பட்ட இந்தியத் தரநிலையோ 40 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது. இது எட்டு மடங்கு. ஆகவே, இந்தியத் தரநிலைக்கு உட்பட்ட காற்று என்பதாலேயே அது பாதுகாப்பான காற்று ஆகிவிடாது.

சராசரியில் மறைவோர்

நகரச் சராசரி என்பது எல்லோருடைய சுவாசத்தையும் சமமாகக் காட்டும் எண். ஆனால் நகரம் சமமாகக் கட்டப்படவில்லை. சென்னையின் அனல்மின் நிலையங்கள் எண்ணூர்ப் பகுதியிலும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மணலியிலும், பெருங்குப்பைக் கிடங்குகளுள் ஒன்று கொடுங்கையூரிலும் அமைந்துள்ளன. மூன்றும் உழைக்கும் மக்கள் செறிந்து வாழும் வடசென்னையைச் சேர்ந்தவை.

தூய்மைப் பணியாளர்களின் நிலை இன்னும் கடுமையானது. இவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் தலித்துகள்; அவர்களிலும் பெருக்கும் பணியில் பெண்களே அதிகம். உலர்ந்த சாலையைத் துடைப்பத்தால் பெருக்கும்போது எழும் புழுதி முதலில் அவர்கள் முகத்தையே அடைகிறது. கட்டடங்களின் மேல் நிறுவப்பட்ட கண்காணிப்புக் கருவி அந்தக் காற்றை அளப்பதில்லை. துணி முகக்கவசம் நுண்துகளைப் போதிய அளவு தடுப்பதுமில்லை. முறையான மருத்துவப் பரிசோதனை இல்லாத ஒப்பந்தப் பணியில், நோய் வந்தபின் அது தொழிலால் வந்தது என நிறுவ ஆவணமும் இருக்காது. சாதி ஒதுக்கிய வேலையின் விலையை நுரையீரல் செலுத்துகிறது.

செய்ய வேண்டியவை

2019இல் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரங்களின் முன்னேற்றத்தைப் பி.எம். 10 அளவைக் கொண்டே மதிப்பிடுகிறது. நுண்துகளும், அதனை மிகுதியாகச் சுவாசிப்போரும் அந்த மதிப்பீட்டுக்குள் வர வேண்டும். பணியாளர்களுக்குத் தரமான சுவாசக் கவசம், ஆண்டுதோறும் நுரையீரல் செயல்திறன் சோதனை, அதன் பதிவேடு அவர்கள் கையிலேயே இருத்தல், வேலையிழப்பு இல்லாத இயந்திரமயம் ஆகியவை உடனடித் தேவைகள்.

மாசற்ற காற்று அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதி என 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அவ்வுரிமை நகரைத் தூய்மைப்படுத்துவோருக்கும் உரியது.