ழாக் கலோவின் குதிரைப்படைப் போர் அச்சோவியம்: வரலாற்றுச் சான்றாகக் கொள்வதன் எல்லை

லொரேன் நாட்டுக் கலைஞர் ழாக் கலோ (1592–1635) உருவாக்கிய ‘போரின் பெருந்துயரங்கள்’ என்னும் அச்சோவியத் தொடர், தலைப்புத் தகடு உட்பட 18 செப்புத்தகடுகளைக் கொண்டது. இது 1633இல் பாரிசில் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுப்படை லொரேனின் தலைநகர் நான்சியைக் கைப்பற்றியமையால், தொடர் முழுவதையும் அப்படையெடுப்பின் நேரடிப் பதிவாகக் காட்டும் வழக்கம் நிலவுகிறது. குதிரைப்படை மோதலைச் சித்திரிக்கும் மூன்றாம் தகடு அவ்வழக்கிற்கு இடந்தரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

களம் எது, படைகள் எவருடையவை, வென்றவர் யார் என்பவற்றை அத்தகடு கூறுவதில்லை. இது கலைஞரின் இயலாமையன்று. ஸ்பானிய நெதர்லாந்தை ஆண்ட இசபெல்லாவுக்காக அவர் 1628இல் முடித்த பிரேடா முற்றுகைப் படத்தில், ஆறு தகடுகளிலும் முகாம்களும் அரண்களும் நிலப்படத்திற் போல் இனங்காணத்தக்கன. அங்குப் பெயர் தேவைப்பட்டது; இங்கு அது விலக்கப்பட்டுள்ளது. மேலும், கலோ இறந்தபின் 1636இல் வெளியான சிறிய ‘துயரங்கள்’ தொடரே முதலில் வரையப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவ்வாறாயின் இக்கருப்பொருள் ஒரே நிகழ்ச்சியால் தூண்டப்பட்டதெனல் பொருந்தாது.

செய்முறையும் கருதத்தக்கது. யாழ் போன்ற நரம்பிசைக் கருவி செய்வோர் பயன்படுத்திய கடினமான மெருகெண்ணெயைக் கலோ செப்புத்தகட்டின் மேற்பூச்சாகக் கொண்டார். சாய்வாக வெட்டிய முனையுடைய ஊசியால் அப்பூச்சைக் கீறியபோது, கோடு தடித்தும் மெலிந்தும் ஓடியது. தொலைவுக் கோடுகளை இடையில் மூடிவிட்டு, முன்புறத்தை மட்டும் மீண்டும் அமிலத்தில் அரிக்கச் செய்தார். எனவே அருகிலுள்ள குதிரைகள் கருமையாகவும் தொலைவிலுள்ள அணிகள் வெளிறியும் தோன்றுகின்றன. ஏறத்தாழ 8 செ.மீ. உயரமே உள்ள தகட்டில் இத்துணை ஆழம் கிடைத்தது வியப்புக்குரியது.

படத்தின் கீழுள்ள செய்யுள் மிஷேல் தெ மரோல் இயற்றியதாகக் கருதப்படுகிறது. அது வீரரின் அஞ்சாமையைப் புகழ்கிறது. படத்திலோ அப்புகழுக்குரிய ஒருவரும் தனித்து நிற்கவில்லை. ஃபிரிட்ஸ் சாக்சல், அனியெல்லோ ஃபல்கோனே என்னும் நேப்பிள்ஸ் ஓவியரைப் பற்றி எழுதுகையில் ‘நாயகனற்ற போர்க்காட்சி’ என்றார். அத்தொடர் கலோவுக்கும் பொருந்தும். ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. கலோவின் போர் தனிக்காட்சியன்று. அடுத்த தகட்டிலேயே கொள்ளை தொடங்கிவிடுகிறது. பின்னர்த் தண்டனைகளும், ஊனமுற்ற வீரரும், குடியானவரின் பழிவாங்கலும் வருகின்றன. இறுதித் தகட்டில் அரசர் நற்பணியாற்றிய வீரர்க்குப் பரிசளிக்கிறார். ஆதலின் இத்தொடரைப் போர் எதிர்ப்புப் படைப்பு என வகைப்படுத்துவதும் அவசர முடிவே.