தொழிலாளர் நட்டஈடு: கருணையும் உரிமையும்

தொழிலின்போது காயமுற்றவனுக்கு ஈடு வழங்குதல் முதலாளியின் கருணையா, தொழிலாளியின் உரிமையா என்பது நெடுங்காலப் பிணக்காகும். இங்கிலாந்தில் இறைச்சி வணிகர் ஒருவரின் பணியாளன், மிகைப்பாரம் ஏற்றிய வண்டி முறிந்தமையால் தொடையெலும்பு உடையப்பெற்றான். யூரர் சபை அவனுக்கு 100 பவுண் வழங்கிற்று. எனினும், 1837 இல் 'பிரீஸ்ட்லி எதிர் பௌலர்' வழக்கில் எக்ஸ்செக்கர் நீதிமன்றம் அதனை மறுத்தது. ஆபத்தை அறிந்து வேலையை ஏற்றவன் விளைவையும் ஏற்கவேண்டும் என்பதே அதன் வாதம். பசிக்கு அஞ்சி வேலை செய்பவனுக்குத் தெரிவுச் சுதந்திரம் ஏது?

ஜேர்மனியில் பிஸ்மார்க் ஆட்சியில், 1884 இல் நிறைவேறிய விபத்துக் காப்புறுதிச் சட்டம் இவ்வாதத்தைக் கைவிட்டது. எவர் தவறு என வினவாது, முதலாளிமார் சங்கங்கள் திரட்டிய நிதியிலிருந்து ஈடு வழங்கப்பட்டது. 1897 இல் பிரித்தானியாவும் தவறு பற்றிய வினாவைப் பெரிதும் தவிர்த்தது. ஆயினும் பொறுப்பைத் தனித்தனி முதலாளியின்மேலேயே சுமத்திற்று. 1948 இலேயே அரச காப்புறுதி அதன் இடத்தைப் பெற்றது.

இலங்கையின் 1934 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிரித்தானியாவின் அப்பழைய வழியையே பின்பற்றியது. ஈட்டின் உச்சவரம்பு சட்டத்திலேயே தொகையாக எழுதப்பட்டமையால், விலைவாசி உயர உயர அதன் பெறுமதி தேய்ந்தது. 2005 இல் 550,000 ரூபாவாக்கப்பட்ட வரம்பு, 2022 இலேயே 2,000,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட 17 ஆண்டுகளில் கையிழந்தோருக்கு உரியதாயிருந்தது ஆண்டுதோறும் தேய்ந்த ஈடே. விலைவாசியோடு தானாக உயரும் ஈடும், முதலாளிமார் கூட்டாகத் தாங்கும் நிதியும் அமையும்வரை, சட்டத்தில் உரிமை என எழுதப்பட்டது வாழ்வில் கருணையாகவே எஞ்சும்.