கப்பல் சோறு

சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் போய்வந்த நண்பன் வாட்ஸப்பில் அனுப்பியதெல்லாம் தட்டுகள்தான். பாஸ்தா, சுஷி, பேர் தெரியாத ஒரு கேக். "கடலைவிட பஃபேதான்டா பெருசு" என்றான். அந்தப் படங்களை நான் பார்த்தது முண்டியம்பாக்கத்தில், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சர்க்கரை ஆலைக்கு வரிசைகட்டி நின்ற நேரத்தில், ஒரு டீக்கடை பெஞ்சில். இந்த வட்டாரத்து ஜனங்கள் கப்பலேறிப் புதுச் சோறு தின்ற பழைய கதை ஒன்று உண்டு. அதைத் தொடங்கிவைத்ததும் கரும்புதான்.

பிரிட்டிஷ் காலனிகளில் 1830-களிலும் பிரெஞ்சுக் காலனிகளில் 1848-லும் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு ஆள்பிடிக்கும் தரகர்கள் நம் கிராமங்களுக்கு வந்தார்கள். அன்றைய தென்னார்க்காடு மாவட்டம் அவர்களுக்கு வாகாக இருந்தது. வடக்கே சென்னைத் துறைமுகம், கிழக்கே பிரெஞ்சுப் புதுச்சேரி. முண்டியம்பாக்கத்திலிருந்து புதுச்சேரிக்கு நாற்பது கிலோமீட்டர்தான் இருக்கும். பஞ்சத்தில் பசித்தவனுக்கு அது ஒரு நாள் நடை.

1854 டிசம்பர் 24-ஆம் தேதி 'ஒரேலி' என்ற கப்பல் இந்தியத் தொழிலாளர்களோடு கரீபியனின் குவாதலூப் தீவை அடைந்தது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' 342 பேருடன் டர்பனில் நின்றது. அடுத்த ஐம்பது வருடங்களில் நேட்டாலுக்கு மட்டும் ஒன்றரை லட்சம் பேர் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னையில் கப்பலேறியவர்கள்.

கப்பலில் என்ன சாப்பாடு? அரிசி, பருப்பு, கருவாடு, புளி, மஞ்சள், வெங்காயம். சாமான் பழக்கமானதுதான், பந்திதான் புதுசு. ஊரில் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர்கள் இங்கே ஒரே அண்டாவிலிருந்து வாங்கித் தின்றார்கள். சிலருக்கு அது விடுதலை, சிலருக்குத் தீட்டு. வாரக்கணக்கில் கடலில் கிடந்தபின் பசிதான் எல்லாருக்கும் பொதுவாக மிஞ்சியது.

கடல் கொந்தளித்தால் அடுப்பு மூட்ட முடியாது. அன்றைக்குக் காய்ந்த பண்டம்தான். 1893-ல் கல்கத்தாவிலிருந்து ஃபிஜி போன தோதாராம் சனாட்யா, தனக்குக் கிடைத்ததை 'நாய் பிஸ்கட்' என்றே பின்னாளில் எழுதினார். தண்ணீரில் ஊறவைத்தால்தான் பல் இறங்குமாம்.

கரை இறங்கியதும் அடுத்த சோதனை. நேட்டாலில் நெல் கிடையாது, மக்காச்சோளம்தான். நம் ஆட்கள் அதை நொய்யாக உடைத்துச் சோறுபோல் வேகவைத்தார்கள். 'மீலி ரைஸ்' என்று டர்பன் தமிழர்கள் இன்றும் சொல்வார்கள். இங்கே ஆடி மாசத்தில் மாரியம்மனுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊற்றுகிறோம் இல்லையா? அங்கே மக்காச்சோள மாவில் கூழ் காய்ச்சி ஊற்றுகிறார்கள். தானியம் மாறினாலும் ஆத்தா ஏற்றுக்கொண்டாள்.

ரீயூனியன் தீவில் முருங்கைக் கீரைக்குப் பெயர் 'முரூம்'. தொட்டுக்கொள்ளும் காரமான 'ருகாய்' நம் ஊறுகாயிலிருந்து வந்தது என்கிறார்கள். மொரீஷியஸ் தமிழர் விசேஷங்களில் வாழையிலையில் ஏழு கறி. குவாதலூப்பில் மசாலா போட்ட ஆட்டுக்கறிக்குப் பெயர் 'கொலொம்போ'. அது 'குழம்பு'தான் என்பது பலருடைய கணிப்பு. அந்தத் தீவுக்குச் சுமார் 42,000 இந்தியர்கள் போனார்கள். அவர்களின் வாரிசுகள் இன்று தமிழ் பேசுவதில்லை. ஆனால் கொலொம்போ இல்லாமல் அங்கே விருந்து இல்லை. மொழி போன பிறகும் குழம்பு நின்றுவிட்டது.

நேட்டால் கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். முதல் கவளம் மக்காச்சோளம் வாயில் என்ன ருசித்தது என்று யாரும் கேட்டு எழுதவில்லை. அதை இந்தச் சமையல் பெயர்களிலிருந்துதான் நாம் ஊகிக்க வேண்டும்.

நண்பனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிடிக்காத தட்டை அவன் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். அவர்களுக்கு அடுத்த தட்டு கிடையாது. பிடிக்காததை வைத்தே பிடித்ததைச் சமைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

டீக்கடைக்காரர் "சக்கரை கொஞ்சம் தூக்கலா போடவா தம்பி?" என்று கேட்டார். "கம்மியாவே போடுங்கண்ணே" என்றேன்.