கேம்பிரிட்ஜில் ஒரு கும்பகோணத்து மாணவர்

கணித மேதை இராமானுஜன் என்றதும் நம்மிற் பலர்க்கு 1729 என்னும் எண்ணே முதலில் நினைவுக்கு வரும். தம்மைப் பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகைக் காரின் எண் சுவையற்றது என்றாராம். இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இருவேறு வழிகளிற் காட்டத்தக்க எண்களுள் மிகச் சிறியது அதுவே என இராமானுஜன் உடனே விடை பகர்ந்தாராம். பாடசாலையில் இக்கதையைக் கேட்டு வியந்தோம். ஆனால், லண்டன் புட்னிப் பகுதியில் நோயாளர் விடுதியொன்றிற் கிடந்தபோது அவர் அதைச் சொன்னார் என்பதை எவரும் நமக்கு அழுத்திச் சொல்லவில்லை. முப்பது வயதளவில் அவர் அந்தக் கட்டிலுக்கு வந்ததெப்படி?

ஈரோட்டில் 1887 இற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகக் காரியாலயத்திற் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதம் சீமைக்கு வழி திறந்தது. கடல் கடத்தல் ஆசார விரோதம் என்று முதலில் மறுத்தார். பின்னர் அன்னையார் இசைந்தார், குடுமி போயிற்று, கழுத்துப்பட்டியும் சப்பாத்தும் வந்தன. மிஷன் பாடசாலையிற் பயின்ற நமக்கு இவை சின்னஞ்சிறு காரியங்கள். அவருக்கோ ஒவ்வொன்றும் ஒரு மலை. 1914 மார்ச் 17 இல் இளமனைவி ஜானகியை ஊரில் விட்டுத் தனியே கப்பலேறினார். ஏப்ரல் 14 இல் லண்டன் சேர்ந்தார்.

அவர் சேர்ந்தது டிரினிட்டிக் கல்லூரி. நமது கண்டி டிரினிட்டியன்று, கேம்பிரிட்ஜிலுள்ளது. பணமுடை இருக்கவில்லை. சென்னைச் சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுணும், கல்லூரி 60 பவுணும் அளித்தன. 50 பவுண் ஊரிலுள்ள குடும்பத்துக்குச் சென்றது. இடர்ப்பாடெல்லாம் சோற்றிலும் குளிரிலுமே இருந்தது.

கல்லூரிப் போசனசாலையில் மரக்கறியிலும் மிருகக் கொழுப்புச் சேர்ந்திருக்குமோ என்று அஞ்சித் தம் அறையிற் சிறு காஸ் அடுப்பில் தாமே சமைத்தார். உடை மாற்றாமல் அடுப்பண்டை போகமாட்டார் என்று ஹார்டி எழுதியுள்ளார். புளி முதலிய பண்டங்கள் ஊரிலிருந்து பார்சலில் வந்தன. ஒரு நாள் வங்காள நண்பர் மகாலனோபிஸ், சஞ்சிகையில் வந்த வீட்டிலக்கப் புதிர் ஒன்றைப் படித்துக் காட்டினார். இராமானுஜன் சட்டியிற் காய்கறியைக் கிளறிக்கொண்டே அதற்கும் அதுபோன்ற எல்லாப் புதிர்களுக்கும் பொருந்தும் விடையைச் சொல்லிவிட்டார்!

குளிரைப் பற்றி நுவரெலியாக்காரருக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. ஜனவரி விடியலிற் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கக் கண்டவர்கள் நாம். கம்பளியின் அருமையை லயத்துக் குழந்தையும் அறியும். இராமானுஜனோ கட்டிலில் மேற்சட்டையும் சால்வையும் போர்த்துக்கொண்டு நடுங்கியே தூங்கினார். மகாலனோபிஸ் போய்ப் பார்த்தபோது, கம்பளிகள் மெத்தையின் கீழ் நேர்த்தியாய்ச் செருகப்பட்டே இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதை அவர் அறிந்திலர்! நண்பர் செய்து காட்டிய பின்னரே அறிந்தார். ஹார்டி கல்நெஞ்சர் அல்லர். ஆயினும், நாள்தோறும் கணிதம் பேசிய அவர், 'இரவு நன்றாய்த் தூங்கினீரா?' என்று கேட்டிருக்கமாட்டார் என்றே எமக்குத் தோன்றுகிறது.

1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. கணித அறிஞர் லிட்டில்வுட் இராணுவத்துக்குப் போனார்; கல்லூரியில் மாணவர் தொகை சுருங்கிற்று; காய்கறியும் பாலும் அரிதாயின. விருந்து வைப்பதில் மட்டும் இராமானுஜனுக்கு ஆசை குறையவில்லை. சட்டர்ஜி என்னும் நண்பருடன் வந்த பெண்கள் மூன்றாம் முறை ரசம் வேண்டாமென்றதும், சொல்லாமலே வெளியேறிவிட்டார். நாலு நாட்கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது: ஐந்து பவுண் அனுப்புக! சிரிக்கத்தக்க கதைதான். ஆனால், அன்னமிட்டு உபசரிப்பதற்கு ஆளில்லாத ஊரில் வேண்டாமென்ற ஒரு சொல் எவ்வளவு சுடும் என்பதைத் தோட்டத்தை விட்டுப் பேராதனைக்கோ கடல் கடந்தோ படிக்கப் போகும் பிள்ளைகள் அறிவார்கள்.

1917 இல் நோய் பற்றிற்று. வைத்தியசாலை மாறி வைத்தியசாலை. அங்கும் உணவுத் தொல்லையே. வீட்டுக் கடிதங்களும் அருகின. ஜானகி எழுதியவற்றை மாமியார் தடுத்துவிட்டதாகப் பின்னாளில் அம்மையாரே கூறினார். 1918 தொடக்கத்தில் லண்டன் நிலத்தடி ரயில் பாதையில் இராமானுஜன் தாமே விழுந்தார். காவலர் ஒருவர் மின்சாரத்தை நிறுத்தியதால் உயிர் தப்பினார். அதே ஆண்டு மே மாதத்தில் ரோயல் சொசைட்டி அவரை அங்கத்தவராக்கியது. ஒக்டோபரில் டிரினிட்டியும் அவரைத் தன் பெலோவாகத் தெரிந்தெடுத்தது.

க்ஷயம் என்றே அன்றைய வைத்தியர் பலர் கருதினர். 1994 இல் பழைய குறிப்புகளை ஆராய்ந்த ஆங்கில வைத்தியர் ஒருவர், அது அமீபாவால் வந்த ஈரல் நோய், அக்காலத்திலேயே தீர்க்கக்கூடியது என்று வாதிட்டார்.

1919 மார்ச்சில் ஊர் திரும்பிய இராமானுஜன், படுக்கையிலும் தாளை விடாமற் கணக்கெழுதி, 1920 ஏப்ரல் 26 இற் சென்னையிற் காலமானார். வயது 32. அந்த ஓராண்டு அருகிருந்து பணிவிடை செய்தவர் ஜானகி. நீயும் உடன் வந்திருந்தால் எனக்கு இந்நோய் வந்திராது என்று கணவர் சொன்னதை அம்மையார் முதுமையிலும் நினைவுகூர்ந்தார்.